தகட்டுக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரிடமும் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. பெற்ற பெண் அஞ்சனாவே நம்பவில்லை. "அம்மா, யூ வேர் ஜஸ்ட் எக்ஸாஸ்டட்" என்று போனில் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அசதிக்கு ரிவெட் அடிக்கத் தெரியாது.

போன பிப்ரவரியில் என் கணவருக்கு பைபாஸ் ஆனது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. அதற்கப்புறம்தான் மனுஷர் இடிந்து போனார். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டார். லிவர்மோர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அணைத்து வைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓக்லாண்டில் ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசியில் எனக்கு வேலை. பத்து மணி நேரம் நின்றுவிட்டு, ஃப்ரீவேயில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தால், காலையில் வைத்த சாதம் கை படாமல் அப்படியே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்கும் பசி போய்விடும்.

மே மாதம் ஒரு நாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ட்ரெய்லர் வாங்கிவிட்டார். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. 1964-ல் செய்தது, முழுக்க அலுமினியம். ட்ரேசியில் லோரேன் என்று ஒரு வயதான அமெரிக்க அம்மா விற்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். எலிப் புழுக்கை, உளுத்த பலகை, மூத்திர நாற்றம். இதற்குப் பணம் வேறு கொடுத்திருக்கிறார்.

"இத ரெஸ்டோர் பண்ணி யெல்லோஸ்டோன் போறோம் நாகு," என்றார்.

மூன்று மாதத்தில் அவர் தானாக வாய் திறந்து பேசியது அதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தகர டப்பா அவரை சோபாவிலிருந்து எழுப்பிவிட்டது. அதே டப்பா அவர் நெஞ்சுக்கு எமனாகவும் முடியலாம். இரண்டும் எனக்குத் தெரியும். அவரைத் தனியாக விடக்கூடாது என்று லீவு நாளெல்லாம் நானும் கூடப் போய் நின்றேன். தூக்கம்தான் போனது.

எங்கள் தெருவில் ட்ரெய்லர் நிறுத்த அசோசியேஷன் விடாது. ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, நண்பர் ஜெயபிரகாஷுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு பெரிய ஷெட்டும் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தோம். அந்தக் கோடையில் ஜெயபிரகாஷ் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போயிருந்தார். கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது.

இந்த ட்ரெய்லரின் தகடுகளைச் சேர்த்து இறுக்குகிற ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் கன்னை வைத்து அடிக்கணும். உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்கணும். அப்போதுதான் வால் நசுங்கித் தகடு இறுகும். நடுவில் தகடு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஜன்னல்களையும் கழற்றிவிட்டு நீல டார்ப்பாலின் ஒட்டியிருந்தோம். காதிலே சத்தம் தடுக்கிற மஃப் வேறு. அதனால் தகட்டில் அதிர்கிற தட்டல்தான் பேச்சு. உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் ரெடி, அடி. இரண்டு தட்டு என்றால் நன்றாக இறுகிவிட்டது, அடுத்ததற்குப் போ.

கன் குலுங்குவது அவர் நெஞ்சுக்கு ஆகாது. அதனால் நான் வெளியே. அவர் உள்ளே, ஒரு ஸ்டூலில்.

இன்னொன்றும் சொல்லணும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அமெரிக்கா வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. "ஏங்க" என்றால் அவர், அவ்வளவுதான். அஞ்சனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு நாளும் வேலை ஆரம்பிக்கும்போது வெளியே நின்று ஒரு தடவை குரல் கொடுப்பேன். "ஏங்க, ரெடியா?"

டிங்.

அவர் இரும்புக் கட்டையால் தட்டுவார். அதற்கு அந்தச் சத்தம்தான்.

ஜூலையில் ஒரு நாள் இப்படித்தான் குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து தட்டல் வந்தது. கன்னைத் தூக்கினால், பின்னாலிருந்து அவர் தண்ணீர் பாட்டிலோடு நடந்து வருகிறார். காருக்குப் போயிருந்தாராம்.

"உள்ள யாருங்க?" என்றேன்.

"யாரு இருப்பா? வெயில் எறங்கினா மெட்டல் சுருங்கும். டக்குனு சத்தம் வரும்," என்றார் இன்ஜினியர்.

இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்குமேல் யோசிக்க மூளை ஓடவில்லை.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. முந்தின வாரம் ஆறு நாள் வேலை. கால் வீங்கியிருந்தது. அன்றைக்கு வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. மாலை ஆறு பத்துக்கு அவர் உள்ளே ஏறினார். நான் மஃபை மாட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல் கேட்டேன்.

"ஏங்க, ரெடியா?"

டொக்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. இரும்பு மாதிரி இல்லை. விரல் முட்டியால் கதவைத் தட்டுவது மாதிரி. கட்டையைத் துணியில் சுற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடித்தேன். டொக் டொக். அடுத்தது. டொக். அடித்தேன். டொக் டொக்.

மற்ற நாட்களில் ஐந்து அடித்ததும் அவர் ஓய்வெடுப்பார். நான் வெளியே காத்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு ஓய்வே இல்லை. நான் கன்னை வைப்பதற்குள் தட்டல் தயாராக இருந்தது. மனுஷருக்கு உடம்பு தேறிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சொன்னால் வெட்கம், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

கதவுப் பக்கத்தில் ஆரம்பித்த வரிசை, பின்பக்கம் நோக்கி நகர்ந்தது. இடுப்பு உயரத்தில் ஒரே நேர்கோடு. நான் ஓர் அடி நகர்ந்தால், உள்ளே தட்டலும் ஓர் அடி நகர்ந்தது.

பாத்ரூம் இருந்த கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டேன். ரிவெட்டைச் செருகினேன்.

டொக்.

கன்னை வைத்தேன். விரல் அழுத்தவில்லை.

ஏனென்றால்... அந்த இடத்தில் தரை இல்லை.

உளுத்த பலகையைப் போன வாரம்தான் பெயர்த்து எடுத்திருந்தோம். வெறும் இரும்புச் சட்டம். அதன் கீழே மண். அங்கே ஸ்டூல் போட முடியாது. நிற்க முடியாது. பைபாஸ் ஆன மனுஷர் அங்கே போகவே மாட்டார்.

டொக்.

நான் ரெடி, அடி என்கிறது.

மஃபைக் கழற்றினேன். ஷெட்டில் காற்றுகூட இல்லை. மணி ஆறு ஐம்பது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம்.

"ஏங்க..."

டொக்.

"ஏங்க... நீங்கதானே?"

டொக். என் முகத்துக்கு நேராக.

குனிந்து சட்டத்துக்குக் கீழே பார்த்தேன். மண் தெரிந்தது. கால் எதுவும் தெரியவில்லை.

என்ன தோன்றியதோ, கத்திவிட்டேன்.

"பத்மநாபன்!"

தட்டல் நின்றது.

முன்பக்கத்திலிருந்து, கதவுக்குப் பக்கத்திலிருந்து, ஒரு முனகல் வந்தது.

ஓடினேன்.

அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் சாம்பல் நிறம். சட்டை நனைந்திருந்தது. கை காலியாக இருந்தது. 911-க்கு எப்படி அழைத்தேன், என்ன பேசினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள், ஐசியூவில், மெல்லிய குரலில் கேட்டார்.

"ஏன் நாகு என்ன அப்டியே விட்டுட்டுப் போன?"

"நான் எங்கங்க போனேன்? நான் உள்ளயே வரலியே."

"வந்தியே. மொதல்லயே நெஞ்ச அடச்சிடுச்சு, விழுந்துட்டேன். நீ வந்த. தூக்குவேன்னு கைய நீட்டினேன். கட்டைய மட்டும் வாங்கிக்கிட்டு பின்னாடி போயிட்ட. மூஞ்சியக் கூட காட்டல."

மருந்து மயக்கம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஷெட்டைப் பூட்டப் போனேன். பட்டப்பகல். கோயம்புத்தூரிலிருந்து திரும்பியிருந்த ஜெயபிரகாஷையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். இரும்புக் கட்டை, தரை இல்லாத அந்தக் கடைசிச் சட்டத்தின்மேல் நேராக வைக்கப்பட்டிருந்தது. அன்று நான் அடித்த அத்தனை ரிவெட்டுக்கும் வால் வட்டமாக நசுங்கியிருந்தது.

"பத்மநாபன் கலக்கிட்டார் போங்க. மெஷின் அடிச்ச மாதிரி இருக்கு," என்றார் ஜெயபிரகாஷ். நான் வெளியே வந்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். மறுபடி சோபா. ஆனால் டிவியைப் பார்ப்பதில்லை. "இன்னும் ஒரு சைடுதான் நாகு, முடிச்சுடலாம்" என்று தினம் ஒரு தடவை சொல்கிறார். அதை எப்படியாவது அவர் கண்ணிலிருந்து அகற்றணும் என்று, அவருக்குத் தெரியாமல் லோரேனுக்குப் போன் செய்தேன். பணம் வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஏன் என்று கேட்டாள். ரிவெட் அடிக்கும்போது கணவர் உள்ளே விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். தட்டல் பற்றி மூச்சு விடவில்லை.

எத்தனை ரிவெட்டுக்குப் பிறகு உள்ளே போய்ப் பார்த்தாய் என்று கேட்டாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அவளே சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே ட்ரெய்லரைச் சரி செய்தார்களாம். அப்பா வெளியே, அம்மா உள்ளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் முழுவதையும் அப்பா முடித்துவிட்டார். இவ்வளவு வேகமாக ஒருநாளும் வேலை நடந்ததில்லை என்று சிரித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார். அம்மா கதவுக்குப் பக்கத்தில் கிடந்தாள். உடம்பு விறைத்துப் போயிருந்தது.

ஒவ்வொரு ரிவெட்டுக்கும் உள்ளேயிருந்து தட்டினாள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம் அப்பா.

அம்மா உயிர் போனது காலையிலேயே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா கன்னைக் கையில் எடுத்ததே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.