தட்டிக்கழிக்கும் பட்டன்

கொஞ்ச நாளாகத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் செத்துப்போகிறேன். டில்லி துவாரகாவில் நான்காவது மாடியில், சோபாவில் உட்கார்ந்தபடியே, பத்துப் பன்னிரண்டு தடவை. என்னைக் கொல்கிறவன் டிவிக்குள் இருக்கிறான். இரும்புச் சட்டையும், என் கட்டிலைவிட நீளமான வாளும் உடையவன். வீடியோ கேமில் இந்த மாதிரி ஆளுக்கு 'பாஸ்' என்று பெயர். மத்திய அரசு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கை தானாகக் கும்பிடப் போகும். அதற்குள் தலை போய்விடும்.

இந்த வித்தையை எனக்குப் பழக்கிவிட்டவள் என் மகள் மீனா. டில்லியில் பிறந்து வளர்ந்தவள், வயது இருபத்திரண்டு. அயர்லாந்தில் வேலை கிடைத்து, விசாவுக்காகக் காத்திருந்த இரண்டு மாதமும் அவளுக்குப் பொழுது போகவில்லை. சும்மா நியூஸ் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்காதீங்க என்று கன்ட்ரோலரை என் கையில் திணித்தாள். வாள் ஓங்கினால் நான் உருண்டு ஓடுவேன். அது எனக்கு இயல்பாகவே வந்தது. ஆனால் இந்த பாஸிடம் ஓடிப் பயனில்லை, நின்ற இடத்தில் நின்று, வாள் மேலே படப்போகிற அந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும், அவன் வாள் தெறித்து அவனே தடுமாறுவான் என்றாள். அதற்கு 'பேரி' என்று பெயராம். பேரிக்காயா என்று கேட்டேன். அவளுக்குப் பேரிக்காய் தெரியவில்லை. இந்தியில் நாஷ்பாத்தி என்று விளக்கி முடிப்பதற்குள் என் ஜோக் செத்தது. டிவியில் நானும் செத்தேன்.

"ஜல்தி ஜல்தி அழுத்துறீங்கப்பா. அவன் ஓங்கிட்டு ஒரு செகண்ட் சும்மா நிப்பான். ஏமாத்துறதுக்கு. நீங்களும் நில்லுங்க."

நிற்பதுதான் வரவில்லை. ஒருநாள், இந்த 'பேரி'க்குத் தமிழில் என்ன சொல்வாய் என்று சும்மா கேட்டு வைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தட்டிக்கழிக்கிறது."

எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"அம்மா சொல்வாங்களே, 'உங்க அப்பா எதையும் தட்டிக்கழிச்சிருவாக'ன்னு. சின்ன வயசுல அது ஏதோ பெரிய டேலன்ட்னு நினைச்சேன்."

சமையலறையில் மிக்ஸி நின்றது. சிவகங்கைக்காரியான என் மனைவி சிரித்து முடிக்க நேரமாயிற்று. நானும் சேர்ந்து சிரித்தேன், அவளைவிடச் சத்தமாகவே. அந்தச் சிரிப்பும் அதே பட்டன்தான். தட்டிவிடுவது வேறு, தட்டிக்கழிப்பது வேறு என்று மகளுக்குத் திருத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவதற்கு அர்த்தமும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கூச்சல் கேட்டுப் பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி ஆன்ட்டி ஒருமுறை மணியடித்தார். வீட்டில் எல்லாம் சுகமா என்று விசாரித்தார். அடியிலிருந்து தப்பிக்க மகள் சொல்லித் தருகிறாள் என்று சொல்ல நினைத்து, "பேட்டி முஜே மார் கானா சிகா ரஹா ஹை" என்று சொல்லிவிட்டேன். மகள் எனக்கு அடி வாங்கக் கற்றுத்தருகிறாள் என்று அர்த்தம். போதாக்குறைக்கு அவளை ஆணாகவும் ஆக்கியிருந்தேன். என் இந்தியில் அவள் இன்றுவரை மகன்தான். ஆன்ட்டி என் கைகளை உற்றுப் பார்த்தார். மறுநாள் ஒரு கிண்ணம் ராஜ்மா கொண்டுவந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிப் போனார்.

மீனா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஊரிலிருந்து திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் ஓர் அரிச்சுவடி வாங்கினேன். உயிரெழுத்துகளை ஒரே வாரத்தில் முடித்தாள். க-வுக்குக் கண் வரைந்தாள். அடுத்தது ங. புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் மட்டும் படம் இல்லை. ஙவுக்கு என்ன வார்த்தைப்பா என்று கேட்டாள். ங-வில் தொடங்கும் சொல்லைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் ஆபீசில் ஆடிட். அதற்கு மறுநாள் தலைவலி. நான்கு நாள் கேட்டாள். ஐந்தாவது நாள் கேட்கவில்லை. இந்தி ஹோம்வொர்க்கை எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது என்னவோ செய்கிறது. என் மகளின் தமிழ் எழுத்து ங-வோடு நின்றுவிட்டது.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள், எப்படியோ ஒரே ஒரு தடவை சரியான நொடியில் அழுத்திவிட்டேன். டங்கென்று வாள் தெறித்தது. பாஸ் மண்டியிட்டான். நான் மீனாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்து என்னைக் கொன்றான்.

"தட்டினா மட்டும் போதாதுப்பா, உடனே திருப்பி அடிக்கணும்" என்றாள் அவள்.

போன வாரம் போனில் பேசும்போது, ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறேன், நீயும் அதில் வருகிறாய் என்று சொன்னேன். படிக்க வராது, பார்க்கவாவது அனுப்புங்கள் என்றாள். கையெழுத்துப் பக்கம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அதே பக்கம் திரும்பி வந்தது. ஆங்காங்கே சிவப்பு வட்டங்கள். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: "அப்பா, ஙவுக்கு வார்த்தை யோசிச்சு சொல்றேன்னீங்க. இவ்வளவு இருக்கே. இதெல்லாம் என்ன?"

மறக்கவில்லை அவள். என் கட்டைவிரல் தானாகவே 'நாளைக்கு' என்று தட்டத் தொடங்கி 'நா' வரைக்கும் போய்விட்டது. அதை அழித்தேன். கொஞ்சம் நின்றேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். இங்கே விளக்கு போட்டாயிற்று. அங்கே அவள் மத்தியானச் சாப்பாட்டை மென்றுகொண்டிருந்தாள்.

"முதல் வட்டம், இங்கே" என்றேன்.

"இங்கே" என்றாள்.

"ரெண்டாவது, அங்கே."

"அங்கே. ஓ, வார்த்தைக்கு நடுவுல வருமா இது? மூணாவது?"

"எங்கே."

"கடைசி வரியிலப்பா" என்றாள், நான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. "ஓரத்துல. நல்லாப் பாருங்க."