புருஷன் கையெழுத்து

ஜெயமேரி கிராமச் செவிலியராகச் சேர்ந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. போலகத்துக்குக் கிழக்கே பட்டினத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த தெருக்கள் அவள் பொறுப்பு. அத்தனை வருஷத்தில் அங்கே பிரசவத்தில் ஒரு தாயும் சாகவில்லை. மாதாந்தரக் கூட்டத்தில் மேலதிகாரிகள் இதைச் சொல்லிக் கை தட்டச் சொல்வார்கள். வெளியில் தலையைக் குனிந்துகொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான்.

கருவைக் கலைப்பது கொலை என்று அவள் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டதால் மட்டும் வந்த நம்பிக்கை அல்ல. நர்சிங் படித்த காலத்தில், நாள் கடந்துபோன ஒரு கலைப்பில் அவள் கையில் தட்டைக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். தட்டில் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் கறி சமைத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

சட்டமும் அவளுக்குத் தெரியும். பதினெட்டு நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், புருஷனோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜெயமேரி யாருக்கும் கலைத்துவிட வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் அவள் வேலை முடிந்தது. அந்தச் சீட்டை எழுதத்தான் அவளுக்குக் கை வரவில்லை. மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஒரு சின்ன வாக்கியத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "புருஷன் கையெழுத்து வேணும்மா."

அந்த வாக்கியத்தைக் கேட்டு நான்கு பெண்கள் திரும்பிப் போயிருந்தார்கள். நான்கு பேருக்கும் குழந்தை பிறந்தது. பட்டினத்து அமீர் நிஷா அவர்களில் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் இருந்தார். அவளுடைய மகள் நௌஷினுக்கு இப்போது ஏழு வயது. தடுப்பூசி முகாமில் ஜெயமேரியைக் கண்டால் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அந்தப் பிள்ளையின் தலையைத் தடவும்போதெல்லாம், சொன்ன பொய்யை ஆண்டவரே மன்னித்து வரவு வைத்துக்கொண்டார் என்று ஜெயமேரிக்குத் தோன்றும்.

பங்கஜவல்லி வந்தது வேளாங்கண்ணிக் கொடியேற்றம் முடிந்த மூன்றாம் நாள். காவி உடுத்திய கூட்டம் சாலை நெடுகத் தெற்கே நடந்துகொண்டிருந்தது. காலில் கொப்புளம் வெடித்தவர்கள் துணை சுகாதார நிலையத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெயமேரி குனிந்து ஒவ்வொரு காலாகத் துடைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் எழுந்து போகும்வரை பங்கஜவல்லி சுவரோரமாக நின்றாள்.

"சிஸ்டர், நாளு தள்ளிப் போயிருச்சு. எட்டு வாரம் இருக்கும்."

முப்பத்தெட்டு வயது. மூன்று பிள்ளைகள். மூத்தவள் பிளஸ் டூ படிக்கிறாள். கடைசிப் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவள். இனி வேண்டாம் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். ரத்தம் குறைவு என்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள்; தள்ளியது தள்ளியதுதான். காப்பர்-டி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் ஜெயமேரியின் பதிவேட்டிலேயே, அவள் கையெழுத்திலேயே இருந்தது.

"பெத்து வளத்துரலாம் சிஸ்டர், அதுக்கில்ல. பெரியவ தோளொசரத்துக்கு நிக்கிறா. அவ முன்னாடி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கக் கூச்சமா இருக்கு. பயமாவும் இருக்கு. போன தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சே, அது இன்னும் மறக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

ஜெயமேரி கையைக் கழுவினாள். ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தாள். ஏழரை. பதினொன்றாவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துத் தேற்றிவிடலாம், எட்டாம் மாதமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

"வீட்டுக்காரரு சம்பந்தம் எங்க இருக்காரு?"

"லாரில போயிருக்காரு. நாக்பூரு பக்கம்."

"அவரு கையெழுத்து வேணும்மா. இல்லாட்டி ஆஸ்பத்திரியில செய்ய மாட்டாங்க."

 பங்கஜவல்லி, "கேட்டுப் பாக்குறேங்க" என்று சொல்லிவிட்டு ஜெயமேரி கொடுத்த மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்த ஆறு வாரத்தில் ஜெயமேரி இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டாள், முருங்கைக்கீரை சமைக்கச் சொன்னாள். பங்கஜவல்லி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனசு மாறிவிட்டது என்று ஜெயமேரி நினைத்துக்கொண்டாள். தான் காப்பாற்றிய ஐந்தாவது பிள்ளை என்று மனசுக்குள் எண்ணிக்கொள்ளவும் செய்தாள்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில், காலை ஒன்பது மணிக்கு மூத்த பெண் போன் செய்தாள். "சிஸ்டர், அம்மா ஒடம்பு நெருப்பா கொதிக்குது. பேச்சு கொழறுது. சீக்கிரம் வாங்க."

ஜெயமேரி போனபோது பங்கஜவல்லி பழைய சேலைகளை அடியில் போட்டு ஒருக்களித்துக் கிடந்தாள். அறைக்குள் நுழையும்போதே வாடை சொல்லிவிட்டது. தலைமாட்டில் மாத்திரை அட்டை கிடந்தது. ஏதோ ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல், கேட்ட பணம் கொடுத்து வாங்கியது. ஒன்பது வாரத்துக்குள் டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மாத்திரையைப் பதினான்காம் வாரத்தில் சாப்பிட்டிருந்தாள். மூன்று நாளாக உதிரம் போயிருக்கிறது. மாதவிலக்கு என்று மகளிடம் சொல்லி, போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸில் ஜெயமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்து பங்கஜவல்லி, "திட்டாதீங்க சிஸ்டர்" என்றாள். அதுதான் அவள் ஜெயமேரியிடம் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. மறுநாள் நண்பகல் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் உயிர் போயிற்று.

சம்பந்தம் வந்து சேர அதற்கும் மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. முழுப் பெயர் திருஞானசம்பந்தம். இரண்டு ரயில் மாறி ஓடிவந்தவன், சட்டைப் பொத்தானைக் கூட மாற்றிப் போட்டிருந்தான். ஜெயமேரி கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அந்த வாரம் சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். பங்குச் சாமியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ஒரு உயிரக் காப்பாத்தணும்னுதானே சொன்னீங்க. மாத்திரைய வாங்கித் தின்னது அந்தம்மா முடிவு. பொய் சொன்னதுக்கு மனஸ்தாபப்படுங்க. மத்ததை ஆண்டவர்கிட்ட விட்டுருங்க" என்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னாள். முடித்து எழுந்தபோது, தான் கேட்கப் போனதை விட்டுவிட்டுச் சாமியார் வேறு எதையோ மன்னித்து அனுப்பியதுபோல் இருந்தது.

கர்ப்பிணி இறந்தால் அரசாங்கத்தில் விசாரணை உண்டு. எங்கே தாமதமானது என்று வீட்டுக்கே வந்து கேட்டு எழுதுவார்கள். டாக்டர் ஆஃப்ரின் படிவத்தோடு வந்தார். சின்ன வயது, வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜெயமேரி பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே தரையில் சம்பந்தம். மொட்டைத் தலை, தாடி வழித்த முகம். பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"கலைக்கணும்னு உங்க மனைவி உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னா டாக்டரம்மா. போன்ல அழுதா. ஒங்க கையெழுத்து கேக்குறாங்க, ஒரு நட வந்துட்டுப் போங்கன்னா. லோடு ஏத்தி நிக்கிது, பாதியில விட்டுட்டு எப்புடி வர்றது? தீவாளிக்கு வந்து போட்டுத் தர்றேன், சும்மா இருன்னேன். ரெண்டு நா கழிச்சு மறுபடியும் கேட்டா. கோவத்துல கத்திட்டேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல." அவன் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்தான். "ஒரு கையெழுத்து. அதப் போட வராம நான்தான் அவள சாவடிச்சுட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "சட்டப்படி உங்க கையெழுத்து தேவையே இல்லைங்க. எந்த ஆஸ்பத்திரியில கேட்டாங்க?"

"அது தெரியலம்மா. கேப்பாங்கன்னுதான் சொன்னா."

"சில எடத்துல இன்னும் இந்த வழக்கம் இருக்கு" என்று டாக்டர் அலுத்துக்கொண்டு படிவத்தில் ஏதோ குறித்தார். "யாரோ தெரியாம சொல்லியிருக்காங்க."

அத்தோடு முடிந்திருக்கும். டாக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். அந்த 'யாரோ' யார் என்று கேட்க உலகத்தில் ஆள் இல்லை; தெரிந்த ஒருத்தியும் சாம்பலாகிவிட்டாள். ஜெயமேரி சம்பந்தத்தின் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. கையெழுத்துப் போடாத அந்த வலது கையை அவன் இடது கையால் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தான்.

"நான்தான் சொன்னேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாம சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னேன். எட்டு வாரத்துல என்கிட்ட வந்து சீட்டு கேட்டா. அப்படிச் சொன்னா திரும்பிப் போயிடுவான்னு சொன்னேன்."

 சம்பந்தம் முதலில் புரியாதவன்போல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அன்னைக்கே போயிருந்தா செஞ்சிருப்பாங்களா?"

"செஞ்சிருப்பாங்க. பணம்கூட வாங்க மாட்டாங்க."

"நான் வராமயே?"

"நீங்க வராமயே."

அடிக்க வருவான் என்று ஜெயமேரி எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். திரும்பாமலே, "போயிடுங்க சிஸ்டர். பொண்ணு வர்ற நேரம்" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் கணவர் பிலோமின்ராஜ் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? போன உசுரு திரும்பியா வரப்போவுது?" ஓய்வு பெற ஏழு வருஷம் இருந்தது. அவர் கவலை அவருக்கு.

செய்தி பட்டினம் முழுக்கப் பரவியது. மாதா கோவிலில் சிலர் அவளிடம் வந்து கையைப் பிடித்து, நீங்க செஞ்சது தப்பே இல்லை என்றார்கள். அந்த ஆறுதல் அவளுக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. தெருவில் சிலர் அவள் வருவதைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். ஒரு நாள் அமீர் நிஷா நேராகச் சுகாதார நிலையத்துக்கே வந்தாள். மகளைக் கூட்டி வரவில்லை.

"எனக்கும் பொய்தான் சொன்னீங்களா சிஸ்டர்?"

"ஆமாம்மா."

"அல்லா மேல ஆணையா சொல்றேன், நௌஷின் இல்லாம எனக்கு உசுரில்ல. அவ வேணாம்னு நான் நெனச்சத இப்ப நெனச்சாலே ஒடம்பு நடுங்குது." அமீர் நிஷா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "ஆனா அன்னைக்கு ராத்திரி பூரா நான் கெணத்தடியில உக்காந்திருந்தேன். விழுந்துரலாமான்னு பாத்துக்கிட்டு. அது ஒங்களுக்குத் தெரியுமா? நான் விழுந்திருந்தா? புள்ளைய குடுத்ததுக்கு ஒங்களுக்கு துவா செய்யவா, இதுக்கு ஒங்களத் திட்டவா? என்ன செய்றதுன்னே தெரியல சிஸ்டர்."

 ஜெயமேரி தண்ணீர் கொடுத்தாள். அமீர் நிஷா குடிக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த முகாமிலும் நௌஷின் ஓடி வரவில்லை.

விசாரணை முடிந்து இரண்டு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். நெடுங்காட்டுப் பக்கம் மாற்றினார்கள். சம்பந்தம் லாரி வேலையை விட்டுவிட்டு உள்ளூரில் மூட்டை தூக்குகிறான் என்றும், மூத்த பெண் சமைத்துவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்றும் கேள்விப்பட்டாள். பரீட்சைக்குப் பணம் கட்டட்டுமா என்று ஆள்விட்டுக் கேட்டாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

நெடுங்காட்டில் நடவுக்குப் போகும் பெண்கள் வந்து கேட்டால், சட்டம் என்ன சொல்கிறதோ அதை ஒன்று விடாமல் சொல்கிறாள். சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். நம்பிக்கை மாறவில்லை. அது உயிர்தான் என்றே இன்றும் நினைக்கிறாள். சீட்டு எழுதிய நாட்களில் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. பூசைக்குப் போகிறாள், சாமியார் நாவில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்க எழுந்து போவதில்லை.

போன மாசம் டாக்டர் ஆஃப்ரின் எல்லாச் செவிலியர்களையும் கூட்டிச் சட்டத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார். "புருஷன் கையெழுத்து வேணும்னு இங்க யாராவது சொல்லியிருக்கீங்களா? தண்டிக்கக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

ஜெயமேரி மட்டும் கையைத் தூக்கினாள். மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் கை கழுவும் இடத்தில் அவளை ஒட்டினாற்போல் ஒரு செவிலியர் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முதலாமவள் சொன்னாள், "நாங்களும் அதத்தான் சொல்றோம் சிஸ்டர். எனக்கு வேதம் கீதம் ஒண்ணுமில்ல. செஞ்சதுக்கப்பறம் புருஷங்காரன் குடிச்சுட்டு வந்து வாசல்ல நிப்பான். அந்த பயந்தான்."

"இனிமே சொல்லாதீங்க" என்றாள் ஜெயமேரி.

"ஒங்களுக்கு ஆனத பாத்ததுக்கப்புறம் இனிமே எதுவுமே சொல்லப்போறதில்ல. சீட்டு தீந்துபோச்சு, அடுத்த வாரம் வான்னுடுவேன்."

இரண்டு பேரும் டிபன் பாக்ஸை உதறிக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள். வகுப்பு மறுபடியும் ஆரம்பிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஜெயமேரி குழாயை மூடினாள். டாக்டர் ஆஃப்ரின் எந்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, ஈரக் கையோடு அந்தப் பக்கம் நடந்தாள்.