மூன்றாவது மேஜைக்கு ஒரு தலையங்கம்

தலையங்கம் எழுதுவது, ஊருக்கே தெரிந்த திருடனை யாருக்கும் தெரியாதபடி திட்டுகிற வேலை. வேலூர்ப் பக்கத்துச் சின்ன நாளிதழ் ஒன்றில் அதைத்தான் செய்கிறேன். அரசு அலுவலகத்தில் கால் கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும், ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

யாரையோ திட்டியது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கும் ஷாகிரா எங்கள் ஆபீசுக்கு வந்தார். கணவர் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழ் கிடைத்தால்தான் வீடு அவர் பெயருக்கு மாறும். கொழுந்தனாரோ வீடு தனக்குத்தான் என்று பூட்டும் கையுமாக நிற்கிறார். ஃபைல் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மேஜையில் படுத்திருந்தது. அதை எழுப்பக் கவர் வேண்டுமாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் தொழில் வழக்கப்படி ஊர், பேர் எதுவும் இல்லாமல் 'சில அலுவலகங்களில் சிலர்' என்று பொரிந்து தள்ளினேன். மறுநாள் அந்த மேஜைக்காரரே போன் செய்தார். "பிரமாதம் சார். பக்கத்து ஆபீஸ்காரங்கள வாங்கு வாங்குன்னு வாங்கிட்டீங்க."

பேப்பரோடு போனவர்

ஷாகிரா அந்தத் தலையங்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அவரிடமே போயிருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "முழுசா படிச்சாரு சார். இன்னா அநியாயம் பாரும்மான்னு ரொம்ப பேஜாரானாரு. அப்புறம் கவர் எங்கன்னாரு."

திங்கட்கிழமை பதினொரு மணி

இனி நாசூக்கு வேண்டாம் என்று உட்கார்ந்தேன். ஆபீஸ், மாடி, மேஜை எல்லாவற்றையும் எழுதினேன். 'வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் ஒரு பெண் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அங்கே போவார். என்ன நடந்தது என்று செவ்வாய்க்கிழமை எழுதுவோம்' என்று முடித்தேன். ஷாகிராவின் பெயரை மட்டும் பழக்கதோஷத்தில் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அங்கே ஷாகிராவோடு சேர்த்து, அதே சான்றிதழுக்கு அலையும் பதினாலு பெண்கள் நின்றார்கள். பாதிப் பேர் கையில் எங்கள் பேப்பர், மீதிப் பேர் செல்போனில் அதன் படம். பேப்பரில் வந்தது யார் என்று மேஜைக்காரர் கேட்டாராம். நான்தான் என்று பதினாலு பேரும் சொன்னார்களாம். யாரைத் திருப்பி அனுப்புவது என்று புரியாமல், பதினாலு ஃபைலையும் அவரே சுமந்துபோய்ச் சாயங்காலத்துக்குள் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஷாகிரா சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேஜைக்காரர் போன் செய்தார். "சார், என் பேரைக்கூடப் போட்டுக்குங்க. அடுத்த வாட்டி அந்தம்மா பேரை மட்டும் மறக்காம போட்டுடுங்க."

தலையங்கத்தை எவன் படிக்கிறான் என்று அலுத்துக்கொள்ளும் சக எழுத்தாளர்களே, ஒரே ஒருவர் படித்தால் போதும், ஆனால் அவர் பயந்துகொண்டே படிக்க வேண்டும்.