பழுப்புத்தாள் உரிக்காத படகு

"இந்த டப்பாவில என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லும்மா," என்றார் சித்தப்பா.

இங்கிலீஷில் பொடிப்பொடியாக அச்சடித்திருந்தது. "ஒட்டினப்புறம் ஒரு நாள் தொடக்கூடாதாம்," என்றேன்.

"அவ்வளவுதானா? பத்து வரி இருக்கே!"

"மீதியெல்லாம் எச்சரிக்கை."

"என்ன எச்சரிக்கை?"

"ஜன்னலைத் திறந்து வைக்கணும். கண்ல படக்கூடாது."

"நாலு தடவை கேட்டாத்தான் உங்கிட்ட நாலு வரி வரும். எதை ஒட்டப்போறேன்னாவது கேளேன்."

"எதை ஒட்டப்போறீங்க?"

சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "படகு. அடி தெரியற படகு. உங்க சித்திக்கு."

சித்தப்பா விளம்பரப் பலகை செய்யும் கடையில் தகடு வெட்டுபவர். கல்லூரிக்காக மூன்று வருடம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவள். காதில் அறுவை சிகிச்சை நடந்தபின், இனி தலையைத் தண்ணீரில் முக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு அவள் முன்பெல்லாம் ஆசையாக நீந்திய ஏரிப் பக்கம் போவதையே விட்டாள். ஏரிக்கரை வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறமாட்டாள். அவளை எப்படியாவது திரும்பவும் அங்கே கூட்டிப்போய்விட வேண்டும் என்பதுதான் சித்தப்பாவின் ஒரே நினைப்பு.

கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் அக்ரிலிக் தகடு விலை அதிகம். அடிப்பாகத்துக்கு மட்டும் புதிதாக வாங்கினார். பக்கங்களுக்குக் கடையில் கழித்துப்போட்ட பலகைகள். ஒன்றில் பழைய எழுத்தின் தழும்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை: 'பல் மருத்துவர், மாலை 5 முதல் 8 வரை.'

இரண்டே நாளில் சித்திக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மீனெல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு வரிசையில நிக்கப்போகுது," என்றாள். "நீச்சலே தெரியாத மனுஷனுக்குப் படகு ஒரு கேடா?"

"நானா ஏறப்போறேன்? நீயும் இவளும்தான். ரெண்டு பேர் கனம்தான் தாங்கும்."

முன்னறைக் கதவை அளந்த பிறகே படகின் அகலத்தை முடிவுசெய்தார். ஆறு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம், அதன் மேல் துணி மடித்தோம். அந்தப் பசை வாடை இன்று எங்கே வந்தாலும் எனக்கு அந்த முன்னறைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி முனகிக்கொண்டே ஏரிக்கு வந்தாள். முழங்கால் தண்ணீரில் நாங்கள் இருவரும் படகில் ஏறினோம். சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சித்தி ஆசையாகக் குனிந்தாள்.

"ஏங்க, இது அடி தெரியற படகா, அட்டைப்பெட்டியா?"

புதுத் தகட்டில் கீறல் விழாமலிருக்க இரு பக்கமும் பழுப்புத்தாள் ஒட்டி வரும். பலகையை மாட்டி முடித்து, வாடிக்கையாளர் கண்முன்தான் வெளித்தாளை உரிப்பது கடை வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் சித்தப்பா உள்பக்கத் தாளை மட்டும் உரித்துவிட்டு அடிப்பக்கத்துத் தாளை விட்டுவைத்திருந்தார். ஆறு வாரமும் பழுப்பாகவே பார்த்திருந்த எங்களுக்கும் உறைக்கவில்லை.

சித்தியின் முகம் விழுந்துவிட்டது. "போதும், வீட்டுக்குப் போலாம்," என்று காலைத் தூக்கினாள். இறங்கினால் மறுபடி ஏறமாட்டாள்.

"ஏறினவ அப்படியே இரு!" என்றார் சித்தப்பா. படகை மார்பளவுத் தண்ணீருக்கு இழுத்துப்போனார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

அவர் கீழிருந்து இழுக்க, ஊறிய தாள் ஓரத்திலிருந்து விலகியது. எங்கள் காலடியில் உப்பிய இரண்டு கன்னங்கள், இறுக மூடிய கண்கள், மேல்நோக்கி மிதக்கும் மீசை.

"ஐயோ, மீசை வச்ச மீனுடி!" என்று சிரித்தாள் சித்தி. பிறகு அந்த முகத்துக்கு நேராகத் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, "என் தலைக்குப் பதிலா தன் தலைய முக்கிட்டாரே," என்றாள், பக்கத்திலிருந்த எனக்கு மட்டுமே கேட்ட குரலில்.

அப்புறம்தான் கூழாங்கல், பாசி, மீன் எல்லாம். மத்தியானம்வரை அவள் குப்புறப் படுத்தபடி நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தப்பவில்லை.

படிப்பு முடிந்து நான் கிளம்பிய அன்று சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் முங்கி ஒரு நொடி கண்ணைத் திறந்தப்போ அவ என்னவோ சொன்னாளே. என் காதுல தண்ணி, ஒண்ணும் விளங்கல. அவளைக் கேட்டா சிரிச்சே மழுப்பறா. உனக்குத்தான் ரெண்டு பாஷை தெரியுமே. எதுலயாவது ஒண்ணுல, ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லிட்டுப் போயேன்."