வேன் அக்கா கட்டின கட்டு

இருபத்திரண்டு வருஷமாகப் படகு இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததும் கிடையாது. ஒருதரம் வீட்டுக்காரர், "சும்மா ஏறி உக்காந்து பாரேன்" என்று கூப்பிட்டதற்கு, "இழுத்துட்டு வந்த களைப்பே போதும், சாமி" என்று சொல்லிவிட்டு வேனுக்கு டீசல் போடக் கிளம்பிவிட்டாள்.

எல்லோருக்கும் அவள் வேன் அக்கா. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். வீட்டுக்காரர் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனுஷனுக்கு வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு பைத்தியம்தான். ஒரு ஆள் மட்டும் ஓட்டுகிற சின்னப் பாய்மரப் படகு, அதில் பந்தயம். எங்கே பந்தயம் என்றாலும் போயே ஆகவேண்டும், ஐந்நூறு கிலோமீட்டரானாலும் சரி, எண்ணூறானாலும் சரி. வண்டி ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. "எனக்கெதுக்கு, அதான் நீ இருக்கியே" என்பார், என்னமோ பட்டம் கொடுத்த மாதிரி.

வேனுக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லரில் படகைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கு மேலே இருக்கிற கம்பிச் சட்டத்தில் பாய்மரத்தைக் கிடத்தி, அகலப் பட்டைகளால் இறுக்க வேண்டும். இறுக்குவது அவள் வேலை. வேறு யாராவது கட்டினால் வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவாள். பட்டையை நேராக, தட்டையாகப் போடவே மாட்டாள். ஒரு முறுக்கு முறுக்கித்தான் போடுவாள். தட்டையாகக் கிடந்தால் வேகத்தில் காற்றுப் பட்டு அதிரும், 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும், அதிர அதிர பக்கிள் தளர்ந்துவிடும். இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் வருஷம் ஒரு படகை ரோட்டில் விடப் பார்த்து, தானாகத் தெரிந்துகொண்டது. அதற்கப்புறம் அவள் வண்டியிலிருந்து ஒரு ஆணிகூட விழுந்ததில்லை. பந்தயம் முடிந்து கிளம்பும்போது மற்ற ஊர்க்காரர்கள், "வேன் அக்கா, ஒரு தடவை எங்க கட்டையும் பாத்துடுங்களேன்" என்று வந்து நிற்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் அவளைக் கர்வப்பட விட்டார்கள்?

இந்தத் தடவை போகிற பந்தயம் வாத்தியாருக்குக் கடைசி. வலது முழங்காலுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கப்புறம் படகுக்கு வெளியே உடம்பைச் சாய்த்து உட்காருகிற வேலையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பினதும் படகையும் யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. பல் டாக்டரை ஒருதரமாவது ஜெயிக்க வேண்டும். அதே கிளப்பில் அதே மாதிரிப் படகு ஓட்டுகிறவர் இந்தப் பல் டாக்டர். பதினோரு வருஷமாக ஒவ்வொரு பந்தயத்திலும் இவருக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்தப் பல் டாக்டரின் படகையும் சேர்த்து இழுத்துவர வாத்தியார் ஒத்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் விமானத்தில் வருவாராம். "நாமதான் போறோமே, கூட ஒண்ணு ஏத்தினா என்ன?" என்றார் வாத்தியார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்னைக் கேக்காம யாரைக் கேப்பேன். இதோ கேக்குறேன்ல."

ஒத்துக்கொண்ட பிறகு கேட்பது அவர் வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு படகையும் ஏற்றினாள். பாய்மரங்கள் இரண்டையும் மேலே சேர்த்துக் கட்டினாள். அந்தப் பாய்மரம் அலுமினியக் குழாய், அடித்துண்டு ஒன்று, மேல்துண்டு ஒன்று, இரண்டையும் கரையில் சொருகிக்கொள்வார்கள். இரண்டு படகுக்கும் எல்லாம் ஒரே அச்சு, ஒரே நீளம். அடையாளத்துக்கு டாக்டருடையதில் மட்டும் சிவப்பு டேப் சுற்றினாள்.

முதல் நாள் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் நாள் மதியம் சாப்பிட நிறுத்தினார்கள். மாலை நாலு மணிக்குள் படகுகளைக் கொண்டுபோய்க் காட்டிப் பெயர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பந்தயத்தில் இடமில்லை. அவள் கை கழுவிவிட்டு, கழுத்து வலிக்குத் தைலம் தேடிக்கொண்டிருந்தாள். வாத்தியார் முன்னாலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அவர் கை சும்மா இருந்தால் அன்றைக்குச் சூரியன் மேற்கே உதிக்கும்.

திரும்ப ரோட்டில் ஏறி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ம்ம்ம்.

"ஏங்க, சத்தம் கேக்குதா?"

"காத்து."

"காத்து இல்ல. பட்டை. நிறுத்திப் பாத்துடறேன்."

"மணி ரெண்டே முக்கால். இப்ப நிறுத்தினா நாலுக்குப் போய்ச் சேருவோமா? நீ கட்டின கட்டு என்னிக்கு அவிழ்ந்திருக்கு?"

புகழ்ந்துவிட்டார் அல்லவா, அதில்தான் ஏமாந்தாள். சத்தம் கேட்டால் நிறுத்து என்பது இருபத்திரண்டு வருஷத்துச் சட்டம். கடிகாரத்தைப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

பத்து நிமிஷத்தில் பின்னால் டங்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால், ஒரு குழாய் ரோட்டில் உருண்டுகொண்டிருக்கிறது. பின்னால் வந்த லாரி ஒதுங்கப் பார்த்து, முடியாமல், அதன் மேலேயே ஏறிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓரங்கட்டி இறங்கி, ஓடிப்போய் எடுத்தாள். நடுவில் நசுங்கி வளைந்து கிடந்தது மேல்துண்டு. சிவப்பு டேப் சுற்றியது.

திரும்பி வந்து டிரெய்லரைப் பார்த்தாள். நாலு பட்டையும் தட்டையாக, நேராக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன. ஒன்று அவிழ்ந்து தொங்கியது.

"இதை யார் தொட்டது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முறுக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. நேராக்கி விட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் இதே டிரெய்லருக்குப் பின்னால் நின்று அவள் கட்டுவதைப் பார்த்த மனுஷன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அது ஏன் முறுக்கியிருக்கிறது என்று வாயைத் திறந்து கேட்டதில்லை. அவளுக்குத் தலையைக் கொண்டுபோய் வேனில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுகை வந்தது, கோபத்தில் அது நின்றுவிட்டது. நாலு பட்டையையும் முறுக்கி இறுக்கிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். பல் டாக்டர் வெள்ளைச் செருப்பு, குளிர்க் கண்ணாடி சகிதம் சிரித்துக்கொண்டே வந்தார். குழாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உதிரி வைத்திருந்த ஒரே ஆள் அதைக் காலையிலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். கடையோ இன்னொரு ஊரில், அதுவும் இரண்டு நாள் விடுமுறை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது, எல்லோரும் தெரிந்த முகங்கள், அவளிடம் கட்டுச் சரிபார்த்துக்கொண்டவர்கள்.

"அக்கா, நீங்க கட்டினதா அவிழ்ந்துச்சு?" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்பமுடியாத மாதிரிக் கேட்டார், அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் நிற்கும்போது அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? சத்தம் கேட்டும் நிறுத்தாத பாவம் அவள் பேரில் இருக்கிறது, அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டு அவளுடையது இல்லை. இவர் பேசாமல் நின்றால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, நாளைக்குப் பல் டாக்டர் இல்லாத பந்தயத்தில் நிம்மதியாகப் படகு ஓட்டலாம். அவள் பேர்தான் போகும். பேசாமல் நின்றுவிடுவாரோ என்று நினைத்தபோது, அவளுக்கு அந்த மனுஷன் மேல் முதல்முறையாகப் பயமாக இருந்தது.

வாத்தியார் இருமினார். "அவிழ்ந்தது இவ கட்டினது இல்லீங்க. இவ கட்டினதை நான் நோண்டிட்டேன். சத்தம் வருது, நிறுத்தணும்னு சொன்னா. அதுக்கும் விடல." அப்புறம் நொண்டி நொண்டிப் போய், சட்டத்திலிருந்து தன் மேல்துண்டை இழுத்து எடுத்துவந்து டாக்டரின் கையில் வைத்தார். "இது பொருந்தும். மணி ஆகுது, போய்ப் பதிஞ்சுக்குங்க."

"அப்ப நீங்க?"

"எனக்கு முட்டி வலி" என்றார் வாத்தியார்.

பந்தயம் நடந்த இரண்டு நாளும் கரையில் மடக்கு நாற்காலி போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பந்தய நாளில் அவளுக்குக் கிடைக்கிற நிம்மதியே, இவர் தண்ணீரில் இருக்கிற அந்த நாலு மணி நேரம்தான். அதுவும் போயிற்று. "பாரு, பாயை ஏன் இவ்வளவு இறுக்குறான்? அது என் பாய்மரம், அதைப் போட்டு இப்படியா வளைப்பாங்க? இப்ப திருப்பணும், திருப்பு, திருப்பமாட்டேங்குறானே" என்று காதில் ஓயாமல் ஓதினார். பல் டாக்டர் ஏழாவதாக வந்தார். "நான் போயிருந்தா ஆறு" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் பட்டைகளை எடுக்கப் போனாள். அங்கே அவர் ஒரு பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எத்தனை முறுக்கு போடணும்?"

"ஒண்ணு."

ஒன்று போட்டார். முழங்காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு இழுத்து இறுக்கினார். "சரியா?"

வீடு போனதும் படகு வேறு ஆளுக்கு. இனிமேல் இவர் கட்டவேண்டிய கட்டு எதுவுமே இல்லை. இத்தனை வருஷம் கேட்காததை, இனி வேண்டவே வேண்டாம் என்கிற நாளில் கேட்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பட்டையை விரலால் தட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கோணல்தான். அவிழ்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருதரம், "சத்தம் கேக்குற மாதிரி இல்ல?" என்று கேட்டு உயிரை எடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். அவர் இறங்கி, நொண்டிக்கொண்டு போய், தன் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.