டிஸ்க்கில் மட்டும் இருந்த முடிவு

என் நண்பனின் தம்பி இறந்து, காரியம் முடிந்த அதே வாரத்தில் அந்தப் பெட்டி வந்தது. நான் அப்போது செல்லூரில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கீழே விசைத்தறிக் கூடம், மேலே வீடு. தறிகள் ஓடும்போது வாசலில் நின்று எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது. கூரியர்காரர் படியேறி வந்து, தம்பியின் பெயரைச் சொல்லி, "அவரு இருக்காரா? அவருதான் கையெழுத்துப் போடணும்" என்றார். நண்பனின் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்காவிட்டாலும் ஆள் ஏறிப் போனதைப் பார்த்துவிட்டு நண்பன் கீழேயிருந்து ஓடிவந்தான். எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

பெட்டி நல்ல கனம். வெளிநாட்டு முத்திரைகள், கஸ்டம்ஸ் ஒட்டிய காகிதங்கள். பிரித்தால் உள்ளே கறுப்பு அட்டைப்பெட்டி ஒன்று. அதன்மேல் ஆற்றங்கரையில் வாளோடு நிற்கும் ஒருவனின் முதுகு. ஜப்பானில் வரைந்து எடுத்த சாமுராய் அனிமே தொடர் அது. அதன் டிஸ்க்குகள் மொத்தமும் இருந்தன. வெளிவருவதற்கு வெகுநாள் முன்பே தம்பி சொல்லிவைத்திருக்கிறான்.

"என்னடா மாப்ள இது?" என்றான் நண்பன்.

சொன்னேன். பெட்டியைக் கொண்டுபோய்த் தம்பியின் அறையில் மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம். அவனுடைய அப்பா போனதும் அவன் படிப்பை விட்டுவிட்டுத் தறியில் இறங்கினான். நான் படித்து, தல்லாகுளத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கில வாத்தியார் ஆனேன். தம்பி அவனுக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து காலேஜ் வரைக்கும் அண்ணன்தான் அவனுக்கு எல்லாம். தம்பி கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, மாடி அறையில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தான். டி. கல்லுப்பட்டியில் ஒரு கூட்டாளியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது மினி லாரி அடித்தது. காலை வெயில் நன்றாக ஏறிய நேரம். லாரி நிற்கவில்லை. டிரைவரை மறுநாள்தான் பிடித்தார்கள்.

"அடிச்சான், சரி. நிறுத்தாமப் போயிட்டான்டா." நண்பன் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே சொன்னான்.

தம்பியின் போன் கண்ணாடி விரிசலோடு கிடைத்திருந்தது. பெட்டி வந்த பிறகு அந்தப் போன் ஓயாமல் துடித்தது. சாமுராய் தொடர்களைப் பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். சென்னை, கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், மலேசியா என்று பல ஊர்களில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தம்பி இறந்தது அவர்களில் யாருக்கும் தெரியாது. "அண்ணே, பெட்டி வந்துருச்சா?" "முடிவு என்னண்ணே? சொல்லிருங்க, தாங்க முடியல."

குழுவின் பழைய பேச்சை மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். விஷயம் இதுதான். தன் தம்பியைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராய் அலைகிற ஒரு வாள்வீரனின் கதை அது. கொன்றவன் இப்போது ஓர் ஆற்றில் படகு ஓட்டிப் பிழைக்கிறான். டிவியில் வந்தபோது, வாளை ஓங்கியதும் திரை இருண்டு கதை முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். வெட்டினானா, விட்டானா? டிஸ்க்கில் மட்டும் கடைசிப் பகுதியைப் புதிதாக வரைந்து நீட்டியிருப்பதாகச் செய்தி. குழுவில் அந்தப் பெட்டியை வாங்கியவன் தம்பி ஒருவன்தான். முழுசாகப் பார்த்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்வதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தான்.

"செத்துட்டான்னு போட்டுரவா?" என்று கேட்டேன்.

நண்பன் போனை வாங்கி விரிசல் விழுந்த கண்ணாடியை விரலால் துடைத்தான். பிறகு, "வேணாம். சொல்றேன்னு சொல்லிருக்கான்ல. பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றான். "எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது. நீ ஞாயித்துக்கெழம வாரியா?"

ஞாயிறு மதியம் தறி ஓடாது. சர்ச்சில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு செல்லூருக்குப் போவேன். தம்பி கேம் ஆடுகிற பெட்டியிலேயே டிஸ்க்கும் ஓடியது. பேச்செல்லாம் ஜப்பான் மொழி, கீழே ஆங்கில எழுத்து. நான் அதைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாள் பள்ளிக்கூடத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், நாக்குப் பிறழ்ந்தது. அப்புறம் வாயில் வந்தபடி சொல்ல ஆரம்பித்தேன். வாள்வீரன் ஒரு சத்திரத்துக்காரியிடம் ஏதோ கேட்டான்.

"அக்கா, ஒரு ராத்திரிக்கு இங்கிட்டுப் படுத்துக்கிறேன்" என்றேன்.

"அக்கான்னா சொன்னான்?" என்றான் நண்பன்.

பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால் அவன் அம்மா கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மகன் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துவிட்டோமே என்று உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. அதிலிருந்து அவரும் எங்களோடு உட்கார்ந்தார்.

நண்பனுக்கு அந்தத் தொடரில் பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. வெட்டுக்காட்சிகள் அவனுக்குப் பொருட்டே இல்லை. "ஒரு வெட்டுக்குப் பத்துப் பேரு விழுறான். நம்பறாப்புலயா இருக்கு?" மழை பெய்வதை வரைந்த விதத்தை மட்டும் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்ப்பான். கிராமத்துப் பெண்கள் கட்டியிருக்கிற துணியில் கட்டம் எப்படி விழுந்திருக்கிறது என்று திரைக்குக் கிட்டே போய் நிற்பான். அம்மாவுக்கு வாள்வீரன் சாப்பிடாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் குறை. "ஏப்பா, அந்தப் புள்ளைய ஒரு வாய் திங்கச் சொல்லுப்பா" என்பார், அதுவும் என் கையில் இருப்பது மாதிரி.

கடைசி டிஸ்க்கைப் போட்டோம். வாள்வீரன் படகில் ஏறினான். படகுக்காரன் அவனை அடையாளம் கண்டுகொண்டான், துடுப்பை நிறுத்தவில்லை. நடு ஆற்றில் வாள் உயர்ந்தது. டிவியில் திரை இருண்ட இடம் அதுதான். இதில் இருளவில்லை. வாள் அப்படியே வெகுநேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது. அக்கரை வந்தது. அவன் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான். படகுக்காரன் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். திரையில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. நான் மொழிபெயர்க்க அங்கே எதுவுமே இல்லை.

நண்பன் எழுந்தான். "இதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் நடந்தானா?"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ சும்மா இருடா. நீ சர்ச்சுக்குப் போற ஆளு, மன்னிக்கிறதுதான் சரின்னு சொல்லுவ."

அப்படிச் சொல்ல நான் நினைக்கவில்லை. என்ன சொல்ல நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவன் படியிறங்கிப் போனான். சற்று நேரத்தில் கீழே ஒரு தறி மட்டும் ஓடுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் தறி ஓட்டி நான் கண்டதில்லை. அம்மா டிவியை அணைத்துவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நான் போனபோது, "சொல்லிட்டேன் மாப்ள" என்றான். என்னை எழுதித் தரச் சொல்வான் என்று நினைத்திருந்தேன். அவன் தறிக்கூடத்தில் நின்றபடியே குரலில் பதிவுசெய்து அனுப்பியிருந்தான். போட்டுக் காட்டினான். தறிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல்.

"தம்பிகளா, பெட்டி வந்துருச்சு. அவன் பாக்கல. அவன் இல்ல. கல்யாணத்துக்குப் போயிட்டு வாரப்ப ஆக்சிடெண்டு. நான் அவன் அண்ணன். பாத்துட்டுச் சொல்றேன்னு உங்களுக்குச் சொல்லியிருந்தான், அதனால நான் பாத்தேன். அவன் வெட்டல. எறங்கிப் போயிட்டான். படம் நல்லாத்தான் எடுத்திருக்காக. மழை ரொம்ப நல்லாருக்கு. ஆனா அந்த முடிவு எனக்குப் பிடிக்கல. அவனால எறங்கிப் போக முடிஞ்சிருக்கு. எனக்கு முடியல. அம்புட்டுத்தான்."

 அதற்குக் குழுவிலிருந்து பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எழுத்தாக வந்தவற்றை நான் படித்துக் காட்டினேன். குரலாக வந்தவற்றை அவனே கேட்டான். முகம் தெரியாத பிள்ளைகள் அழுதார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், தன் அண்ணனும் திரும்பி வராதவன் என்றும், வாள்வீரன் வெட்டியிருக்க வேண்டும் என்றுதான் தானும் எண்ணியதாகவும் சொன்னான். இன்னொருவர் வெட்டாததுதான் சரி என்று நீளமாக எழுதினார். கடைசியில், நான் இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது, மன்னியுங்கள் என்று முடித்திருந்தார். நண்பன் எதற்கும் கோபப்படவில்லை. தன் தம்பியோடு இவர்கள் எதெதற்கெல்லாம் சண்டை போட்டார்கள், எந்தக் கதாபாத்திரத்தை அவனுக்குப் பிடிக்காது என்றெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தம்பி இப்படி இத்தனை பேரோடு வாழ்ந்தது அண்ணனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இதற்கிடையில் வழக்கு வந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒருநாள் கோர்ட்டுக்குப் போய்விட்டு நேராக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மதிய இடைவேளை, வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"அவனப் பாத்தேன்டா."

"யார?"

"டிரைவரத்தான். நான் என்னமோ பெரிய ஆளா இருப்பான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சின்னப் பய. சட்டைப் பட்டன மாத்திப் போட்டுருக்கான்."

"பேசுனியா?"

"இல்ல. அவன் என்னப் பாத்து எந்திரிச்சு நின்னான். நான் அங்கிட்டுப் போயிட்டேன்."

மணி அடித்தது. வகுப்புக்குப் போகச் சொல்லி அவனே என்னை அனுப்பிவைத்தான்.

தலைத் திவசத்துக்குக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வரலாமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண், சென்னையிலிருந்து இரண்டு பையன்கள். ரயிலில் வந்து, வழி கேட்டுக் கேட்டுச் சந்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். திவசத்துக்காக நண்பன் தறியை நிறுத்தியிருந்தான். அந்தப் பெண் தறிக்கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, தறிய ஒருதடவ ஓட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

தம்பி குழுவில் பேசி அனுப்பும்போதெல்லாம் பின்னால் இந்தச் சத்தம் கேட்குமாம். அதனால் எல்லோரும் அவனைத் 'தறியண்ணே' என்றுதான் கூப்பிடுவார்களாம். "நீங்க பேசி அனுப்புனப்போ, மொதல்ல தறிச் சத்தம்தான் வந்துச்சு. தறியண்ணேதான்னு நெனச்சு சந்தோசப்பட்டுட்டேன்" என்றாள்.  நண்பன் சுவிட்சைப் போட்டான். அந்த இரைச்சலுக்குள் மூன்று பேரும் நின்று அழுதார்கள். அங்கே யார் அழுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

மேலே இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. அம்மாதான் பரிமாறினார். மகனைத் தெரிந்த பிள்ளைகள் என்பதால் கேட்டுக் கேட்டு வைத்தார். சாப்பிட்டபடியே பிள்ளைகள் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அதற்குள் அவர்களும் எப்படியோ டிஸ்க்கைத் தேடி வாங்கிப் பார்த்திருந்தார்கள். சென்னைப் பையன்களில் ஒருவன் டிவி முடிவுதான் மேல் என்றான். பார்ப்பவர்கள் தாங்களே யோசித்துக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி. மற்றவன் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையைத் தொடுகிற அந்த நீட்டிய காட்சி இல்லாவிட்டால் கதையே இல்லை என்றான். கோயம்புத்தூர்ப் பெண், டிஸ்க்கில் நிறம் கொஞ்சம் கறுத்துவிட்டதே என்று கேட்டாள். நண்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மோர் ஊற்றினான்.

"நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?" என்று அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டாள். சும்மா மரியாதைக்குக் கேட்டது மாதிரிதான் இருந்தது.

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"நானும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தேன்த்தா. வெட்டுறதா விடுறதான்னு எல்லாரும் பேசுறீக. அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரயும் பெத்தவள ஒருதடவகூட காட்டலயே. அவ எங்க இருக்கா, சோறு தின்னாளா, மூத்தவன் திரும்பி வருவான்னு வாசல்ல நிக்கிறாளான்னு, ஒண்ணுமே காட்டல. இவன் பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கான்."

 நண்பன் மோர்ச் செம்போடு அப்படியே நின்றான். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "உக்காரும்மா. நீ சாப்பிடு, நான் போடுறேன்" என்று சொல்லி ஓர் இலையை இழுத்துப் போட்டான். அவர் மறுத்தார். அவன் விடவில்லை.

அம்மா சொன்னதை அந்தப் பெண் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் குழுவில் போட்டாள். அந்தத் தொடரைப் பற்றி அங்கே எத்தனையோ கருத்துகள் வந்திருந்தன. இதற்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சிலர் தங்கள் அம்மாவுக்குப் போன் போட்டதாக எழுதினார்கள்.

சாயங்காலம் நானும் நண்பனும் அவர்களை ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டோம். ரயில் வர நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது அந்தப் பெண் நண்பனிடம், "உங்களுக்கு இப்பவும் அந்த முடிவு பிடிக்கலயாண்ணே?" என்றாள்.

"இப்பவும் பிடிக்கலத்தா" என்றான். கொஞ்சம் கழித்து, "வேற எப்பிடி முடிக்கிறதுன்னும் தெரியல" என்றான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் போய்வருகிறான். போகும்போது இப்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறான்.