கோச் பிடித்த கேட்ச்

சான் பெத்ரோ தெ மக்கோரிஸ் ஊர் முழுக்க ஒரே பேச்சு: எவாரிஸ்தோ குவேயோ விலைபோய்விட்டான். சேவல் அணிக்காரர்கள் அவன் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார்களாம். பதிலுக்கு அவன் அரையிறுதியில் சொந்த அணியான நண்டுகளின் கழுத்தை அறுத்தானாம். மூலைக்கடை டொமினோ மேசையில் இதற்கு நான்கு சாட்சிகள் உண்டு. நால்வரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கூரையைப் பார்த்துவிடலாம். தகரம் புதிதுதான். நியூயார்க்கில் முடி திருத்தும் கடையில் வேலை பார்க்கும் மகள் அனுப்பியது. வாங்கிய ரசீதைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருக்கிறாள் எவாரிஸ்தோவின் மனைவி நெரேய்தா. போதாக்குறைக்கு ஒழுகவும் செய்கிறது. லஞ்சத்தில் போட்ட கூரை ஒழுகி யாராவது பார்த்ததுண்டா?

கூரை தீர்ந்தது. இனி ஆள்.

எவாரிஸ்தோ முப்பத்துநான்கு வருடமாக பேஸ்பாலில்தான் சாப்பிடுகிறான். பத்தொன்பது வயதில், சித்தி மகனின் பிறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு, பதினாறு வயதுப் பையனாக அமெரிக்க அணி ஒன்றில் ஒப்பந்தமானான். இன்றுவரை வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். கேக் மட்டும் ஒன்று. எட்டு வருடம் சின்ன லீக்குகளில் பேருந்து ஜன்னலோரம் கழிந்தது. பெரிய லீக்கில் மொத்தம் பதினோரு நாள். வெளிக்களத்தில் அவன் நின்றால் பந்து தரையைத் தொடுவதற்கு அவனிடம் அனுமதி கேட்க வேண்டும். மட்டையைக் கொடுத்தால் கதை வேறு. வளைந்து வரும் பந்துக்கு வணக்கம் சொல்லி வழியனுப்பி வைப்பான். பன்னிரண்டாம் நாள் அவனையும் அதே மரியாதையோடு வழியனுப்பி வைத்தார்கள்.

ஊர் திரும்பி, குளிர்கால லீக்கில் நண்டுகளுக்குப் பதினான்கு சீசன் ஆடினான். பிறகு கோச். வெளிக்களப் பயிற்சிதான் கேட்டான். அந்த நாற்காலியில் முதலாளி டோன் அமாப்லேயின் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஆகவே மூன்றாம் பேஸ் கோட்டோரம் நின்று, ஓடி வருகிறவனுக்குக் கையைச் சுழற்றினால் 'ஓடு', உள்ளங்கையைக் காட்டினால் 'நில்'. டிராபிக் போலீஸ் வேலை, விசில் மட்டும் கிடையாது. பன்னிரண்டு வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வரை.

கடைசி இன்னிங்ஸ். நண்டுகள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். இன்னொருவன் அவுட்டானால் சீசன் முடிந்தது. மட்டையில் பட்ட பந்து நேராக வானத்துக்குப் போய், மூன்றாம் பேஸ் பக்கம், கோட்டுக்கு வெளியே சரிந்தது. சேவல்காரன் பிடித்தால் அவுட்; தரையில் விழுந்தால் அடித்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு. சேவல் அணியின் யோர்கெல்வின் அண்ணாந்தபடியே ஓடி வந்தான். எவாரிஸ்தோ சட்டப்படி ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் அவன் கண் பந்தைப் பார்த்துவிட்டது. கால்களுக்குச் சம்பளம் தருவது யாரென்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

"என்னுது! என்னுது!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

வெளிக்களக்காரன் 'என்னுது' என்று கத்தினால் மற்றவன் நின்றுவிட வேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடி மறப்பதற்குள் படிக்கிற பாடம். யோர்கெல்வினும் நின்றுவிட்டான். எவாரிஸ்தோ முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக, கையுறை இல்லாமல், ஒற்றைக் கையில் பிடித்தான். நண்டு ரசிகர்கள் இரண்டு விநாடி எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்றாவது விநாடியில் யோசித்தார்கள்.

"பிடிக்க வந்தவனுக்குக் கோச் வழிவிடல. அடிச்சவன் அவுட்" என்றார் நடுவர். கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "நல்ல கேட்ச், அண்ணே" என்றார்.

திங்கட்கிழமை டோன் அமாப்லே அழைத்தார். அடுத்த சீசன் ஒப்பந்தம் மேசைமேல் கிடந்தது, கையெழுத்தில்லாமல். மக்கோரிஸில் வேலை இழந்த ஐம்பத்துமூன்று வயது கோச்சுக்கு மிஞ்சுவது டொமினோ மேசைதான். அங்கேயும் நாற்காலி காலியில்லை.

"பணம் வாங்கினியா?"

"இல்ல, டோன்."

"வாங்கியிருந்தா நல்லாருக்குமேப்பா! திருடன்னா, கூடப் போட்டுக் குடுத்து நம்ம பக்கம் இழுத்துக்கலாம். நீ சும்மால்ல பிடிச்சிருக்க. உன்னை எதைக் குடுத்துத் தடுக்கறது?"

"பந்து மேல வந்துச்சு, டோன்."

"வந்தா?"

"பிடிச்சுட்டேன்."

முதலாளி கைப்பேசியில் அந்தக் கேட்சை மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஏழாவது தடவையாம்.

"உனக்கு ஐம்பது வயசா?"

"காகிதத்துல."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "சரி, மச்சான் மூணாம் பேஸ்ல கையைச் சுத்தட்டும். அவனுக்கு ஓடவே வராது, அதனால ஆபத்தில்ல. நீ வெளிக்களம் சொல்லிக்குடு. ஆனா ஊர் வாய் அடங்கினப்புறம்தான் கையெழுத்து. சேவல்காரன்கிட்டருந்து ஒரு முட்டை உன் வீட்டுக்கு வந்துச்சுன்னு காதுல விழுந்தாலும் காகிதத்தைக் கிழிச்சிருவேன்."

பன்னிரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்துக் கிடைக்காத பதவி, ஒரே ஒரு தப்பில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்து நெரேய்தாவிடம் சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. யோர்கெல்வின்.

"அண்ணே, வெயில் நேரா கண்ணுல. சத்தியமா பந்து எங்கன்னே தெரியல. நீங்க கத்தினதும்தான் உயிர் வந்துச்சு. விட்டிருந்தா எங்காத்தாகூட சோறு போட்டிருக்க மாட்டா. அல்தாகிராசியா மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன், யார் காப்பாத்தினாலும் ஒரு ஆடுன்னு."

"அப்ப மாதாவுக்கே குடு."

"மாதா பந்து பிடிக்கலியே, அண்ணே! நாளைக்கே வண்டில ஏத்தறேன்."

"அடப்பாவி, ஏத்தாதடா! நீ ஆட்டோட வந்தா அவ்வளவுதான், என் சீட்டு கிழிஞ்சிரும்."

"நேர்ந்ததைக் குடுக்காட்டி எனக்கு மட்டையில பந்து படாது."

"அதுக்கு நான் என்ன பண்ண? எனக்கு எப்பவுமே பட்டதில்ல."

நெரேய்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கிழவா, ஆட்டை வேணாம்னு மட்டும் சொல்லிராத. கிறிஸ்துமஸ் வருது."

"வேணாம்னு சொல்லல. இப்ப வேணாம்னேன்."

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. ஊர் வாய் அடங்கவில்லை. முதலாளியும் பேனாவை எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் யோர்கெல்வின் கூப்பிட்டு, "எப்ப கொண்டாரட்டும்?" என்கிறான். அவன் மட்டையில் இன்னும் ஒரு பந்தும் படவில்லை. ஆடு மட்டும் ஆத்தோ மயோரில் அவன் வீட்டுக் கொல்லையில் தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது.